மணியின் மாண்பு

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாமுங்க, கால் ஆடும். இதுல உக்காருங்க.

பொன்விழா மலருக்குப் பழைய ஆளுங்க நாலு பேருகிட்டப் பேசி எழுதறதுக்கு உங்களை அனுப்பறோம்னு ஹெச்.ஆர்.ல இருந்து போன் பண்ணினாங்க. நாலு பேருன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு பழைய ஆளு இப்ப நான் ஒருத்தன்தானுங்க. மத்த மூணு பேரு யாரோ. ஒருத்தர் கேன்டீன் மாஸ்டரா இருக்கும், அவரு சாம்பார் மாத்திரந்தான் இந்தக் கம்பெனியில மாறாம இருக்குது.

எம் பேரு கிட்டுசாமி. எண்பத்து மூணுல சேர்ந்தேன். அபரஞ்சி இன்ஜினியரிங்னு இன்னைக்கு அரசூர்ல மூணு பிளான்டா நிக்குதே, அன்னைக்கு அது சிங்காநல்லூர்ல ஒரு தகர ஷெட்டுங்க. ரெண்டு லேத்து, ஆறு ஆளு. மழை பெஞ்சா லேத்துக்குக் குடை பிடிப்போம். எங்களுக்குக் குடை கிடையாது. எழுதிக்கங்க, நல்லா இருக்கும்.

குடும்பமுங்க இது. சுவத்துல பார்த்திருப்பீங்க, மூணு பாஷையில போட்டிருக்குது. தமிழ்ல மட்டும் 'நாம் ஓரே குடும்பம்'னு எழுத்துப் பிழையோட இருக்கும், அதைப் பதினெட்டு வருஷமா மாத்தறோம் மாத்தறோம்னு சொல்லிட்டிருக்காங்க. பெரிய முதலாளி நஞ்சப்பன் இருந்தாரே, அவரு வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நாங்க மொத்தப் பேரும் போயிப் பந்தி பரிமாறினோமுங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அவரு வாழ்த்துத் தந்தி அனுப்புவாரு. அப்படி ஒரு ஒட்டுறவு.

நீங்க என்ன கேட்டீங்க? ஆங், அந்தப் போட்டோ. ரிசப்ஷன்ல பெருசா மாட்டியிருக்கறது. கயித்தைப் பிடிச்சுட்டு ஒரு அம்மா நிக்கறா, பின்னாடி ரெண்டு வெள்ளைக்காரங்க கை தட்டறாங்க. பேரு போடணும்ங்கறீங்களாக்கும். கீழ 'எங்கள் ஊழியர்'னே போட்டுக்கங்களேன். போன மலர்ல அப்படித்தான் போட்டாங்க.

பேரு வேணுமா? சரி. மயிலாத்தாள்.

அதைச் சொல்லணும்னா நிர்மல் சார்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்க. பெரிய முதலாளியோட பையன். ரெண்டாயிரத்து ஆறுல அமெரிக்காவுல படிச்சுப்போட்டு வந்து பொறுப்பு எடுத்தாரு. வந்த முத நாள் எல்லாரையும் கூட்டி வெச்சு, இனிமே இங்க யாரும் யாரையும் சார்னு கூப்பிடக்கூடாது, பேரு சொல்லித்தான் கூப்பிடணும், நான் வெறும் நிர்மல்தான்னு சொன்னாரு. சரிங்க சார்னோம். அவரு நெஜமாவே எங்களைப் பேரு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாரு. நான் கிட். மயிலாத்தாள் மைலா. எங்களுக்குத்தான் வாய் வரலை. இப்பவும் வரலை.

பொறவு சென்னையில இருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிட்டு வந்தாரு. கோட்டுப் போட்ட மனுஷன். ஜப்பான்ல எந்தத் தொழிலாளியும் தப்பைக் கண்டா உடனே லைனை நிறுத்தலாம், மேனேஜரைக் கேக்க வேண்டியதில்லைன்னு ரெண்டு நாள் படம் போட்டுக் காட்டினாரு. நிர்மல் சாருக்கு அது நொம்பப் பிடிச்சுப்போச்சு. அங்க விளக்கு எரியுமாம். நமக்கு மணி இருக்கட்டும்னுட்டாரு. என்னையத்தான் அனுப்பினாரு. டவுன்ஹால் பக்கம் பூஜைச் சாமான் கடையில நல்ல கனமான பித்தளை மணியாப் பார்த்து வாங்கியாந்தேன். அசெம்பிளி லைனுக்கு நடுவுல உத்தரத்துல மாட்டி, செவப்புக் கயிறு கட்டி, தேங்காய் உடைச்சு, பொட்டு வெச்சோம்.

அங்கதான் ஒரு தப்பு ஆயிப்போச்சுங்க. கோயில் மணியா, ஆளுங்க அதுக்குக் கீழ போறப்ப செருப்பைக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பாதுகாப்பு ஆபீசர் வந்து சத்தம் போட்டாரு. வெள்ளிக்கிழமையானா யாரோ பூ வெச்சுட்டுப் போயிடுவாங்க. கும்பிட்டாங்களே ஒழிய ஒருத்தரும் அடிக்கலை. அஞ்சு மாசம் அது பாட்டுக்குத் தொங்குச்சு. நிர்மல் சார் மாசா மாசம் கூட்டத்துல, பாருங்க, ஒரு தடவைகூட மணி அடிக்கலை, அப்படின்னா நம்ம தரம் எங்க இருக்குதுன்னு பெருமையாச் சொல்லுவாரு. கை தட்டுவோம்.

அப்பத்தான் வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வர்ற மாதிரி இருந்துச்சு. பார்வையிட ஜெர்மனியில இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. மூணு வாரம் பெயின்ட் அடிச்சோம். காம்பவுண்டுல இருந்த நாயைக் கூடக் குளிப்பாட்டினாங்க.

மயிலாத்தாள் அப்ப டெஸ்டிங்ல இருந்தா. எங்கீழதான். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடினதும் இங்க வந்து ஸ்டிக்கர் ஒட்டற வேலையில சேர்ந்தவ. ரெண்டு பொண்ணுங்க. கண்ணு சரியா இருக்குதுன்னு நாந்தான் டெஸ்டிங்குக்கு மாத்திவிட்டேன். அதை எழுதிக்கங்க. தண்ணிக்குள்ள போடற மோட்டார் பம்ப்புங்க நம்மளது. உள்ள தண்ணி போகாம அடைக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும், சீலுன்னு சொல்லுவோம். அது கசிஞ்சா மோட்டார் புகைஞ்சிரும். அழுத்தம் குடுத்துப் பார்க்கறது அவ வேலை. நமக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது, அவ மட்டும் தடவிப் பார்த்து, அண்ணா இது வேர்க்குதுங்கன்னுவா.

வெள்ளைக்காரங்க உள்ள வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி எங்கிட்ட வந்து அப்படித்தான் சொன்னா. வேர்க்குதுன்னா. அவிய போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னேன். போனா. திரும்ப வந்தா. இன்னொண்ணும் வேர்க்குதுன்னா. நான் டை கட்டியிருந்தேனுங்க அன்னைக்கு, வாழ்க்கையில மொத தடவை. கழுத்து இறுக்கிட்டிருந்துச்சு. போம்மான்னேன். மூணாவது தடவை வந்தப்ப வெள்ளைக்காரங்க ரெண்டு பேரும் லைனுக்குள்ள வந்துட்டாங்க, நான் பூங்கொத்தை வெச்சுட்டு நிக்கறேன். கண்ணாலயே அதட்டினேன்.

நாலாவதுக்கு வரலை. நேராப் போயிக் கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டா.

அந்தச் சத்தம் இருக்குதே, ஷெட்டே அதிர்ந்துச்சு. நாலஞ்சு பேரு அனிச்சையாக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. லைனு நின்னுபோச்சு. நிர்மல் சார் மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போச்சு. எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. மயிலாத்தாளும் என்னையத்தான் பார்த்தா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை, பூங்கொத்தைக் கக்கத்துல வெச்சுட்டுக் கை தட்டினேன். நான் தட்டவும் வெள்ளைக்காரங்களும் தட்டினாங்க. அவிய தட்டவும் நிர்மல் சாரும் தட்டினாரு. போட்டோக்காரன் எடுத்துட்டான். அதுதானுங்க இது.

ஆர்டர் அதனாலதான் கிடைச்சுது. வெள்ளைக்காரரே சொல்லிப்போட்டுப் போனாரு, பெயின்ட் எல்லா ஊருலயும் அடிக்கறாங்க, ஒரு தொழிலாளி எங்க முன்னாடியே லைனை நிறுத்தினது இங்கதான்னு. ரெண்டாவது பிளான்ட் அந்த ஆர்டர்ல வந்தது. எழுதிக்கங்க, ஆனா பெயின்ட் விஷயத்தை விட்டுருங்க.

மயிலாத்தாளைச் சும்மா விடலைங்க கம்பெனி. சால்வை போத்தி, 'தரத் தூதர்'னு ஒரு பதவியே உண்டாக்கிக் குடுத்தாங்க. ரிசப்ஷன் பக்கத்துல கண்ணாடி ரூமு. மேசை, நாற்காலி, பேரு போட்ட பலகை. வர்ற விருந்தாளிக்கெல்லாம் மணி அடிச்ச கதையைச் சொல்லணும், அவ்வளவுதான் வேலை. யாருக்குங்க கிடைக்கும்? ஆனா அந்தப் புள்ளைக்கு இருக்கத் தெரியலை. பத்து நாள்ல எங்கிட்ட வந்து, என்னை மறுபடியும் டெஸ்டிங்குக்கே போட்டுருங்கண்ணா, கை சும்மா இருக்குதுன்னு கேட்டா. நான் எடுத்துச் சொன்னேன். நீ இப்ப தூதரு, தூதரு தண்ணியில கை நனைக்கக் கூடாதுன்னேன். தலையை ஆட்டிட்டுப் போனா. கண்ணாடி வழியாப் பார்த்தா மேசையை ஒரு விரலால தடவிப் பார்த்துட்டு உக்காந்திருப்பா.

இந்தப் பக்கம் மணிக்குக் குளிர் விட்டுப்போச்சு. அவ அடிச்சுப் பதவி வாங்கினதைப் பார்த்தாங்கல்ல, அடுத்த வாரமே நாலு தடவை அடிச்சுது. ஒருத்தன் ஃபேன் ஓடலைன்னு அடிச்சான். ஒருத்தி டீ தண்ணியா இருக்குதுன்னு அடிச்சா. ரெண்டு நெஜமான தப்புங்க, அதையும் சொல்லிப்போடணும். போல்ட்டு மாத்தி வந்திருந்துச்சு. தப்பு நெஜமோ பொய்யோ, லைனு நின்னா நின்னதுதானுங்களே? மாசக் கடைசியில எண்ணிக்கை வரலை. நிர்மல் சார் என்னைக் கூப்பிட்டாரு.

"கிட், மணி நல்ல விஷயம். ஆனா மாசக் கடைசியில கொஞ்சம்..." அப்படின்னு கையை இப்படி ஆட்டினாரு. பாருங்க, இப்படி. அவ்வளவுதான் சொன்னாரு.

வேற யாராவது இருந்தா என்னங்க சார்னு கேட்டிருப்பாங்க. நான் கேக்கலை. அவிய அப்பன் காலத்துல இருந்து இருக்கறவன், கை ஆட்டினா எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை காலையில ஏணி போட்டு ஏறினேன். உள்ள ஒரு கொக்கி, ஒரு நட்டு. ரெண்டு நிமிஷ வேலை. மணியோட நாக்கைக் கழட்டிப் பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். மணி அப்படியே இருக்குது, கயிறு அப்படியே இருக்குது, வெள்ளிக்கிழமை பூ அப்படியே வைக்கறாங்க. ஒருத்தருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. இதெல்லாம் எழுதறதுக்கில்லைங்க. பேனாவைக் கீழ வெச்சுருங்க. ஒரு கம்பெனி எப்படி வளருதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்.

ஆமாங்க, யாராச்சும் இழுத்திருப்பாங்களேன்னு கேப்பீங்க. இழுத்தான். ஆறுச்சாமின்னு ஒரு பையன், மயிலாத்தாள் இடத்துக்கு வந்தவன். அடுத்த மாசி மாசம். பர்ச்சேஸ்ல புது ஆளுகிட்ட சீல் வாங்கியிருந்தாங்க, ரப்பர் கொஞ்சம் கெட்டி. ஜெர்மனிக்குப் போற கண்டெய்னர் வாசல்ல நிக்குது. இவன் போயிக் கயித்தை இழுக்கறான். சத்தம் வரலை. மேல பார்த்தான். மறுபடியும் இழுத்தான். மூணாவது தடவை தொங்கியே பார்த்தான். மணி ஆடுது, சத்தம் இல்லை. எங்கிட்ட வந்து, அண்ணா மணி அடிக்க மாட்டேங்குதுங்கன்னான். நீ சரியா இழுக்கலை, போயி வேலையைப் பாருன்னேன். சீல் கசியுதுங்கன்னான். மணி அடிச்சாத்தானே நிறுத்த முடியும், அதுதானே ஜப்பான் முறைன்னேன். போயிட்டான்.

எழுபது நாள் கழிச்சு கண்டெய்னர் அப்படியே திரும்பி வந்துச்சுங்க. அங்க ஒரு ஊருக்குத் தண்ணி எடுக்கப் போட்டதாம். முழுசும் புகைஞ்சிருச்சு. ஊருக்கே ரெண்டு நாள் தண்ணி இல்லை.

விசாரணைக் கமிட்டி போட்டாங்க. மூணு பேரு. நிர்மல் சார் நடுவுல. கான்பரன்ஸ் ஹால்ல ஏசி போட்டு, பிஸ்கட் வெச்சு. மொத என்னையத்தான் கேட்டாங்க. அன்னைக்கு மணிச் சத்தம் கேட்டுச்சான்னாங்க. கேக்கலைங்கன்னேன். உண்மை அம்மிணி. நான் சாமி கும்பிடறவன், பொய் சொல்லமாட்டேன். ஆறுச்சாமி, நான் மூணு தடவை இழுத்தேனுங்கன்னு அழுதான். இழுத்தா சத்தம் வந்திருக்குமேன்னாங்க.

அப்ப நிர்மல் சாருக்கு ஒரு யோசனை வந்துச்சு. தரத் தூதரைக் கூப்பிடுங்கன்னாரு. கண்ணாடி ரூம்ல இருந்து மயிலாத்தாள் வந்தா. எல்லாரும் லைனுக்குப் போனோம். மணியைச் சோதிச்சுச் சொல்லுங்க மைலான்னாரு. அவ ஏணியில ஏறினா. சேலைத் தலைப்பை இடுப்புல செருகிட்டுக் கையை மணிக்குள்ள விட்டுத் தடவினா. சித்த நேரம் தடவிட்டே இருந்தா. வேர்க்குதுன்னு சொல்லுவாளே, அப்பப் பார்க்கற மாதிரியே மூஞ்சி. அப்புறம் கீழ குனிஞ்சு, கமிட்டியைப் பார்க்கலை, என்னையத்தான் பார்த்தா.

"இதுக்கு நாக்கு இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னா. யாரு எடுத்ததுன்னு கேட்டாங்க. தெரியாதுங்கன்னா. எங் கண்ணைப் பார்த்துட்டேதான் தெரியாதுன்னா. பாருங்க, குடும்பம்னா அதுதான். காட்டிக் குடுக்கலை. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கலைங்க. வெயில் காலம்.

கமிட்டி யோசிச்சுது. நாக்கு எப்பப் போச்சுன்னு யாருக்கும் தெரியலை. அப்ப மணிக்கு யாரு பொறுப்புன்னு தேடினாங்க. ஹெச்.ஆர்.ல இருந்து அவ பதவி உத்தரவை எடுத்து வந்தாங்க. அதுல நாலாவது வரியில இருக்குது: 'மணியின் மாண்பைப் பேணுதல்.' அந்தப் பயிற்சியாளர் எழுதிக் குடுத்த வாசகமுங்க, நல்ல தமிழ். மாண்பைப் பேணலைன்னு மயிலாத்தாளுக்கு மெமோ குடுத்தாங்க. மெமோவுக்கு மேலயும் 'நாம் ஓரே குடும்பம்'னுதான் அச்சடிச்சிருக்கும்.

நான் சொல்லியிருக்கலாமேன்னு உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்குது. எதைச் சொல்றதுங்க? நிர்மல் சார் கையை ஆட்டினாருன்னா? அவரு நடுவுல உக்காந்திருக்காரு, அவருக்குத் தெரியாததா? தெரிஞ்சே சும்மா இருக்காருன்னா அதுல ஒரு காரணம் இருக்கும். அதைப் புரிஞ்சு நடக்கறவன்தான் ஊழியன்.

மெமோ வாங்கின மறுநாள் அவ வேலையை விட்டுட்டா. யாரும் போகச் சொல்லலை. மணிதானுங்களே போச்சு, நாற்காலி அப்படியேதான் இருந்துச்சு. போறதுக்கு முன்னாடி டெஸ்டிங் பக்கம் வந்தா. நான் தனியா இருந்தேன். மனசு கேக்காம, உனக்கு நான் அன்னைக்கு மொத ஆளாக் கை தட்டினனே மறந்துட்டியான்னேன்.

"மறக்கலைங்கண்ணா. மூணு தரம் உங்ககிட்டத்தான் சொன்னேன். அப்பக் கேட்டிருந்தா கையும் தட்டியிருக்க வேண்டாம், நாக்கையும் கழட்டியிருக்க வேண்டாம்."

சொல்லிப்போட்டு அடையாள அட்டையைக் கழட்டி எம் மேசையில வெச்சுட்டுப் போயிட்டா. கோவமாச் சொன்ன மாதிரியே தெரியலைங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. ஆறுச்சாமியும் அந்த மாசமே போயிட்டான், திருப்பூர் பக்கம்னாங்க. எனக்கு அந்த வருஷம் சிறந்த ஊழியர் கேடயம் குடுத்தாங்க. அசிஸ்டெண்ட் மேனேஜர் ஆனதும் அப்பத்தான். கமிட்டி கடைசியாப் பரிந்துரை எழுதினது என்னன்னா, மணியை எடுத்துட்டு ஒரு ஆலோசனைப் பெட்டி வைக்கணும்னு. வெச்சாங்க. பெட்டிக்குப் பூட்டு இருக்குது, சாவி யாருகிட்டன்னு தெரியலை.

அவ இப்ப எங்க இருக்கான்னா? இருக்கா. போன வாரந்தான் பார்த்தேன். பொன்விழாவுக்குப் பழைய ஆளுங்களையெல்லாம் அழைக்கணும்னு பத்திரிகை அடிச்சுக் குடுத்தாங்க, போட்டோவுல இருக்கறவளை விட்டா நல்லா இருக்குமா? கேட்டு விசாரிச்சுட்டு சூலூர் தாண்டிப் போனேன். சின்ன ஷெட்டு. ரப்பர் சீல் செய்யறா. ஒம்பது பேரு வேலை பார்க்கறாங்க, முக்கால்வாசி பொம்பளைங்க. பெரிய பொண்ணு ஆபீஸ் பார்த்துக்கறா. என்னைக் கண்டதும், வாங்கண்ணா, உக்காருங்கன்னு நாற்காலி போட்டு மோர் குடுத்தா. தலை நரைச்சுப்போச்சு அவளுக்கு. பத்திரிகையைக் குடுத்தேன். வாங்கிப் படிச்சுட்டு மேசையில வெச்சா. வர்றேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை.

மோரைக் குடிச்சுட்டிருக்கேன், அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு, சேர்ந்து ஒரு வாரம் ஆச்சோ என்னவோ, ஓடிட்டிருந்த பிரஸ்ஸைப் பட்டுன்னு நிறுத்திட்டு நிக்குது. ஏம்மா நிறுத்தற, ஓட்டு ஓட்டுன்னுட்டேன். நாப்பது வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அக்கா, இது சரியில்லைங்குது. அவ்வளவுதான். மயிலாத்தாள் பேசிட்டிருந்த பேச்சை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. முதலாளிங்க அவ. போயி அந்தப் பொண்ணு பக்கத்துல குத்த வெச்சு உக்காந்துட்டு, ரெண்டு பேரும் ஒரு சீலை வெளிச்சத்துல பிடிச்சு வளைச்சு வளைச்சுப் பார்க்கறாங்க. மத்தவங்க அவிய பாட்டுக்கு நிக்கறாங்க. யாரும் கை தட்டலை, யாரும் பயந்த மாதிரியும் தெரியலை. கால் மணி நேரம் மிஷின் சும்மா நின்னுச்சு. நான் வர்றேன்னு சொல்லறதுக்குக் காத்துட்டு நின்னு பார்த்தேன், அவ திரும்பலை. அப்படியே கிளம்பி வந்துட்டேன்.

என்ன சொல்றதுங்க. கெட்டிக்காரிதான், நான் இல்லைங்கலை. ஆனா சுவத்துல ஒரு வாசகம் இல்லை, குடும்பம்னு ஒரு பேச்சு இல்லை. வந்து ஒரு வாரம் ஆன பொண்ணு சொன்னதுக்கு முதலாளி எந்திரிச்சு ஓடறா. இப்படி இருந்தா அந்தக் கம்பெனி எங்கீங்க வளரப்போகுது?